சந்தா நிலுவைப் பட்டியலும் பதினான்கு ஆண்டு ஊழியமும்

கேள்வி: ஐயா, கோத்தகிரிக்கு அருகில் உள்ள ஒரு சிறிய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள் நான். மொத்தம் 68 குடும்பங்கள். அவற்றில் 19 குடும்பத்தார் கோவை, திருப்பூர், பெங்களூரு என்று பிழைக்கப் போய்விட்டு, கிறிஸ்துமசுக்கு மட்டும் வருகிறார்கள். மாதச் சந்தா 300 ரூபாய். இப்போது ஆலயக் கூரை ஒழுகுகிறது என்று குடும்பத்துக்கு 25,000 ரூபாய் கட்டட நிதியும் விதித்திருக்கிறார்கள். என் கணவர் வயரிங் வேலை செய்கிறவர். அரை ஏக்கர் தேயிலையும் இருக்கிறது. ஏழு மாதச் சந்தா நிலுவை. போன மாதம் ஆராதனை முடிவில் நிலுவைப் பட்டியலை வாசித்தார்கள். எங்கள் பெயர் மூன்றாவதாக வந்தது. நான் 14 ஆண்டுகளாகக் கீபோர்டு வாசிக்கிறேன், ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். ஆலயத்தின் மின்வேலை முழுவதையும் கணவர் கூலி வாங்காமல் செய்கிறார். ‘அது ஊழியம், இது காணிக்கை, இரண்டையும் கலக்காதீர்கள்’ என்கிறார் செயலாளர். இலங்கையிலிருந்து திரும்பி வந்த என் மாமனார் தலைமுறை கல் சுமந்து கட்டிய கோயில் இது. அன்று யாரும் யாரிடமும் ரசீது கேட்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்கலாம் என்றும் பேச்சு நடக்கிறது. இதற்கிடையே, வருகிற ஆண்டு என்னையே பொருளாளராக இருக்கச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

குன்னூரில் தணிக்கையாளராகத் தொழில் செய்துவந்த முப்பது ஆண்டுகளில், எஸ்டேட் கணக்குகளுக்கும் தேயிலைத் தொழிற்சாலைக் கணக்குகளுக்கும் இடையே, மலையில் உள்ள சிறிய சபைகள் சிலவற்றின் வரவு செலவையும் ஆண்டுதோறும் பார்த்துக் கொடுத்து வந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் செயலாளர் சொன்னது பாதி சரி. மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகையையோ, ஆலயப் பணியாளரின் சம்பளத்தையோ, பல சபைகளுக்கும் மேலான நிர்வாகமாகிய திருமண்டலத்துக்கு அனுப்ப வேண்டிய பங்கையோ, நீங்கள் எத்தனை பாமாலைகளை வாசித்தாலும் அதைக் கொண்டு அடைக்க முடியாது. அவர் தவறவிட்டது மறுபாதியை. காணிக்கைக்கு ரசீது புத்தகம், பேரேடு, வங்கிப் புத்தகம், நிலுவைப் பட்டியல் என்று நான்கு ஏடுகள் வைத்திருக்கும் சபை, ஊழியத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுகூட வைத்திருக்கவில்லை. அதனால்தான், பட்டியல் வாசிக்கப்பட்ட அன்று உங்கள் வீட்டுப் பெயருக்கு எதிரே 2,100 ரூபாய் பாக்கி என்பது மட்டும் இருந்தது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, ஊழியத்துக்கென்று ஒரு பதிவேடு. யார், எந்த வேலை, எத்தனை நாள் என்று எழுதினால் போதும். ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படும்போது அதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஆனால் அந்த உழைப்பை ரூபாயாக மாற்றிச் சந்தாவில் கழித்துக்கொள்ளும்படி கேட்காதீர்கள். அந்த எண்ணம் உங்கள் கடிதத்தில் சொல்லாமலே தெரிகிறது. பெயர் வாசிக்கப்பட்ட யாருக்கும் அது தோன்றும். ஆனால் நேரத்துக்கு விலை போட்டுவிட்டால், வயரிங் தெரிந்தவரின் ஒரு மணி நேரமும், சனிக்கிழமை மாலை தோட்டத்திலிருந்து வந்து, கொழுந்துக் கறை போகாத கையோடு தரையைத் துடைத்துவிட்டுப் போகும் அம்மாவின் ஒரு மணி நேரமும் வெவ்வேறு விலையாகிவிடும். அந்த அம்மா என்றைக்கும் குறைத்துக் கொடுத்தவராகவே ஏட்டில் இருப்பார். கணக்கு முறையிலும் இது நிற்காது: கைக்கு வராத பணத்துக்கு ரசீது போட்டால் ரொக்கப் புத்தகம் இடிக்கும்.

உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள். கூலி வாங்காமல் வேலை செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வயரும் ஹோல்டரும் சுவிட்சும் யார் பணத்தில் வாங்கப்படுகின்றன என்று எழுதவில்லை. நான் பார்த்தவரை, அவை பெரும்பாலும் வேலை செய்கிறவரின் சட்டைப் பையிலிருந்துதான் போகின்றன. அவர் மனம் பெரியது. ஆனாலும் அது சபைக்கு நல்லதல்ல. கடை ரசீதைக் கொடுத்து, வவுச்சரில் கையெழுத்திட்டு, பணத்தை வாங்கிக்கொள்ளட்டும். அந்தத் தொகையைத் தரவே விரும்பினால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை உறையில் போட்டு ரசீது வாங்கட்டும். சுற்றி வளைப்பதுபோலத் தோன்றும். ஆனால் இப்படிச் செய்தால்தான் ஆலயத்தின் மின்பராமரிப்புக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்பது சபைக்குத் தெரியும். மறைவாகக் கொடுக்கிறவர் ஒருநாள் ஊரை விட்டுப் போனாலோ படுத்துவிட்டாலோ, அடுத்துவரும் குழு அந்தச் செலவை முதன்முறையாகப் பார்த்துத் திகைக்கும். கூரை ஒழுகிச் சுவரில் ஈரம் ஏறியிருக்கும் கட்டடம் என்பதால், அவருடைய வேலையை உரிமம் பெற்ற ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து எழுத்தில் சான்று கொடுப்பதும் நல்லது. அது அவருக்கே பாதுகாப்பு.

உங்களிடம் கேட்பது இதைவிடக் கடினமானது. பதினான்கு ஆண்டுகளாக நீங்கள் ஒருவரே கீபோர்டு வாசிக்கிறீர்கள். நீங்கள் வராத ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கிறது? பாடகர் குழுவில் ஒருவர் சுருதி எடுத்துக் கொடுக்க, சபை இழுத்து இழுத்துப் பாடி முடிக்கும் என்று நினைக்கிறேன். ஊழியத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் ஒருவகையில் அதை மற்றவருக்குக் கொடாமல் வைத்துக்கொள்வதுதான். உங்கள் ஓய்வுநாள் பள்ளியிலேயே விரல் ஓடுகிற பிள்ளைகள் இரண்டு பேராவது இருப்பார்கள். ஒருவரை மாதத்தில் ஒரு ஞாயிறு வாசிக்க வையுங்கள். தப்பாக வாசித்தால் சபை பொறுத்துக்கொள்ளட்டும். பொருளாளர் பதவிக்குச் சம்மதிப்பதானால் இது கட்டாயம். ஆராதனை முடிந்ததும் காணிக்கை எண்ண உட்கார வேண்டியவர், அதே நேரத்தில் கீபோர்டை மூடி உறை போட்டுக்கொண்டும் பிள்ளைகளைத் தேடிக்கொண்டும் இருக்க முடியாது.

இனி அந்தப் பட்டியல். நிலுவைதாரர் பெயரை ஆராதனையில் வாசிப்பது தவறு என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் கணக்குப் பார்த்த ஒரு சபையில், கணவனை இழந்த வயதான தோட்டத் தொழிலாளி ஒருவரின் பெயர் 1,140 ரூபாய்க்காக வாசிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கோயில் படி ஏறவில்லை. அதே ஆண்டு வவுச்சர்களைப் புரட்டியபோது, வருகை தந்த விருந்தினர்களுக்குப் போர்த்திய பொன்னாடைகளுக்கும் மாலைகளுக்கும் ஆன செலவு அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. என் அறிக்கையில் அந்த இரண்டு தொகைகளையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதினேன். குழுவுக்கு அது பிடிக்கவில்லை. மறு ஆண்டு கணக்கு வேறொருவரிடம் போனது.

சந்தா நிலுவை வாக்காளர் பட்டியலைப் பாதிக்கும் என்ற விதி பல திருமண்டலங்களில் இருப்பதால், நிலுவையைத் தெரிவிக்காமலும் இருக்க முடியாது. ஒட்டிய உறையில், அந்தந்த வீட்டுக்கு மட்டும், ஆண்டுக்கு இரண்டு முறை எழுதி அனுப்பினால் விதியும் நிறைவேறும், மானமும் போகாது. ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கும்போதும் பெயரையும் காரணத்தையும் சொல்லித் தொகையை விட்டுவிடும்படி ஆயரிடம் கேட்டுப் பாருங்கள். பிறந்தநாளுக்கு 100 ரூபாய் வைத்தவரின் பெயரை 5,000 ரூபாய் வைத்தவரின் பெயரோடு சேர்த்து வாசிக்கும்போது, முதலாமவர் தலை குனிவதை நானே பார்த்திருக்கிறேன்.

எல்லோருக்கும் ஒரே 300 ரூபாய் என்பதையும் மாற்றலாம். 68 குடும்பங்களும் தவறாமல் கட்டினாலும் ஆண்டுக்கு 2,44,800 ரூபாய்தான் வரும். அரசு ஓய்வூதியம் வாங்கும் வீட்டுக்கும் அன்றாடக் கூலி வீட்டுக்கும் அது ஒரே சுமை ஆகாது. மலையின் வருமானத்துக்கு ஒரு தாளமும் உண்டு. மே, ஜூனில் கொழுந்து கொட்டும். ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி விழுந்தால் செடி கருகிக் கிடக்கும். பச்சைத் தேயிலை விலையோ மாதத்துக்கு மாதம் மாறும். இதை அறிந்தவர்களே பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே தொகை விதித்துவிட்டுப் பனிமாதத்தில் நிலுவை எண்ணுகிறார்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு வீடும், தான் கொடுக்கத் தீர்மானித்த தொகையையும் எந்தெந்த மாதங்களில் கொடுக்கும் என்பதையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிக் கொடுக்கட்டும். ஆயரும் பொருளாளரும் மட்டும் அதைப் பார்க்க வேண்டும். எல்லாத் தாள்களையும் கூட்டி வரும் தொகைக்குள் ஆண்டின் செலவுத் திட்டத்தை அடக்குங்கள். குறைந்தால் எந்தச் செலவுக்கு எவ்வளவு குறைகிறது என்று கூட்டத்தில் சொல்லுங்கள். வாக்குரிமைக்கு விதி கேட்கும் குறைந்தபட்சச் சந்தா மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும்.

கூரைக்கு வருகிறேன். 25,000 ரூபாயை 68ஆல் பெருக்கினால் 17 லட்சம். மலையில் இருக்கும் 49 குடும்பங்கள் மட்டும் கொடுத்தால் 12,25,000. இந்தத் தொகை எங்கிருந்து வந்தது? மேலே ஏறிப் பார்த்த யாராவது சொன்னதா, அல்லது கூட்டத்தில் ஒருவர் வாய்க்கு வந்ததா? குன்னூர்ப் பக்கம் ஒரு கோயிலில் இதேபோல் முழுக் கூரையையும் மாற்றத் தீர்மானித்து நிதி திரட்டத் தொடங்கினார்கள். எஸ்டேட்டில் கொத்தனாராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், யாரும் கேட்காமலே ஏணி வைத்து ஏறினார். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் இடத்தில் இருந்த தகடு முழுவதும் சில்வர் ஓக் சருகு மக்கி, ஒரு சாண் உயரத்துக்குக் கரிய சேறாக இறுகிக் கிடந்தது. தண்ணீர் ஓட வழியில்லாமல் கூரை ஷீட்டுக்கு அடியில் ஏறி, பலிபீடத்துக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்தது. மண்வெட்டியால் வழித்து இரண்டு வாளியில் இறக்கினார். ஓட்டை விழுந்த இடத்துக்குப் புதுத் தகடு அடித்தார். சில ஆயிரம் ரூபாயில் ஒழுகல் நின்றது. மக்கிப்போன இரண்டு கைமரங்களை மறு கோடையில் மாற்றினார்கள். உங்கள் கூரையும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. கைவேலை தெரிந்தவர் பார்ப்பதற்கு முன் பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்கிறேன்.

பழுது பெரியதென்றே வைத்துக்கொண்டாலும், இறங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1947ல் சி.எஸ்.ஐ. உருவானபோதே, அதன் சொத்துகளை வைத்துக்கொள்ளத் தென்னிந்தியத் திருச்சபை அறக்கட்டளைச் சங்கம் என்ற நிறுவனமும் பதிவு செய்யப்பட்டது. உங்கள் கோயில் இடத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சங்கத்தின் பெயரில் இருந்தால், திருமண்டலத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் கட்டடத்தில் பெரிய வேலை எதையும் தொடங்காதீர்கள். மூன்று மதிப்பீடுகள் வாங்குங்கள். கட்டட நிதியைச் சந்தாவோடு கலக்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று விதிப்பதைவிட, தகடு இத்தனை, கைமரம் இத்தனை, ஆள்கூலி இத்தனை நாள் என்று பிரித்து அறிவியுங்கள். ஒருவர் ஒரு தகடு கொடுப்பார், ஒருவர் தன் ஜீப்பில் ஏற்றிவருவார், ஒருவர் வேலையாட்களுக்கு இரண்டு நாள் சோறாக்குவார். வேதாகமத்தில் இஸ்ரவேலர் ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்தைக் கட்டியபோது நடந்ததை உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீங்களே கற்றுக்கொடுத்திருப்பீர்கள்: ஒருவர் பொன் கொண்டுவந்தார், பெண்கள் நூல் நூற்றுக் கொண்டுவந்தார்கள், பெசலெயேல் கைவேலை செய்தார், கடைசியில், போதும், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயத்தில் சொல்லி அனுப்ப வேண்டியதாயிற்று. போதும் என்று சொன்ன கட்டட நிதிக் குழுவை நான் இதுவரை பார்த்ததில்லை.

உங்கள் மாமனார் தலைமுறையைப் பற்றி எழுதியிருந்தது என் மனத்தில் நிற்கிறது. ஊட்டியில் 1830ல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் இருந்த திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தன. ஆட்சி கையில் இருந்த ஆங்கிலேயர்களால் அப்படிக் கட்ட முடிந்தது. 1964ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்து, மலையில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியவர்களிடம் முதுகுதான் இருந்தது, அதைக் கொடுத்தார்கள். ஆனால் அன்று யாரும் ரசீது கேட்கவில்லை என்பதால்தான், யார் எந்தச் சுவருக்குக் கல் சுமந்தார் என்பது இன்று சபையில் யாருக்கும் தெரியவில்லை. அந்தத் தலைமுறையில் இன்னும் சிலர் இருப்பார்கள். ஊழியப் பதிவேட்டின் முதல் பக்கங்களை அவர்களிடம் கேட்டு எழுதி நிரப்புங்கள்.

ஊரை விட்டுப் போன 19 குடும்பங்களிடம் மாதச் சந்தா எதிர்பார்ப்பது நடக்காது; அவர்கள் இருக்கும் ஊரில் வேறொரு சபைக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். கல்லறைத் தோட்டத்தைக் காட்டிக் கேளுங்கள். மலையை விட்டுப் போனவர்களும் கடைசியில் இங்கே வரத்தான் விரும்புகிறார்கள். வேலி, புதர் வெட்டும் கூலி, பாதை என்று ஆண்டுச் செலவை எழுதி அனுப்பினால் தயங்காமல் கொடுப்பார்கள். நேரம் கேட்பதானால், கிறிஸ்துமசுக்கு வரும்போது கணினி தெரிந்த ஓர் இளைஞரிடம் உங்கள் பேரேட்டைக் கணினியில் ஏற்றித் தரும்படி கேட்கலாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. துபாயில் வேலை செய்தாலும் இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அவருடைய பாஸ்போர்ட் பக்கத்தின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆனால் லண்டனில் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றுவிட்டவர், கோத்தகிரியிலேயே பிறந்து உங்கள் கோயிலிலேயே ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) கீழ் பதிவு இல்லாமல் அதில் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பதிவு பெற்ற நிறுவனமும் முதலில் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில்தான் அதைப் பெற முடியும். பெற்றதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பதையும் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவிட்டது. திருமண்டல அலுவலகத்துக்கு எழுதி, எழுத்திலேயே பதில் வாங்கிய பிறகு கேளுங்கள். காணிக்கைக்கு, 80ஜி என்று சொல்லப்பட்டுவந்த நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை உண்டு என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்; ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கான அமைப்புக்குக் கொடுப்பதற்குப் பொதுவாக அந்தச் சலுகை இல்லை.

பொருளாளர் பதவிக்கு என் பதில், ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். நிலுவைப் பட்டியலில் மூன்றாவதாக இருந்த பெயரையே பெட்டிச் சாவிக்கும் கேட்கிறார்கள் என்றால், உங்கள் கை சுத்தம் என்பது குழுவுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கு முன் அந்த 2,100 ரூபாயை இரண்டு மூன்று தவணையிலாவது கட்டி முடித்துவிடுங்கள். நிலுவையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், நீங்கள் செய்யும் எந்த மாற்றத்தையும் உங்கள் வசதிக்காகச் செய்ததாகச் சொல்வார்கள்.

உட்கார்ந்த பின், காணிக்கையை ஒருபோதும் தனியாக எண்ணாதீர்கள். எருசலேம் சபைக்கென்று சேர்த்த பணத்தைப் பவுலே தனியாகக் கையாளவில்லை. குற்றச்சொல்லுக்கு இடமில்லாதபடி, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களை உடன் வைத்துக்கொண்டார். ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையின் மேசையில் பைகளைக் கொட்டி, ஒரே குடும்பத்தைச் சேராத மூன்று பேர் எண்ண வேண்டும். ஐந்நூறு ரூபாய்த் தாள் முதல் பிள்ளைகள் போட்ட ஒரு ரூபாய்க் காசு வரை தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். வந்த தொகையை அப்படியே மறுநாள் வங்கியில் கட்டிவிட்டு, செலவுகளைக் காசோலையில் செய்யுங்கள்; காணிக்கையிலிருந்தே எடுத்துப் பால்காரருக்குக் கொடுக்கும் பழக்கம் எல்லாச் சபைகளிலும் உண்டு, உங்கள் சபையில் உங்கள் காலத்தில் அது நின்றுபோகட்டும். சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை யாருடைய கணக்குக்குப் போகிறது என்று முதல் நாளே பாருங்கள். முந்தைய பொருளாளரின் சொந்தக் கைப்பேசிக்குப் போவதானால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அன்றே கிழித்துவிட்டுச் சபைக் கணக்குக்குப் புதிது வாங்குங்கள்.

மார்ச் 31ஆம் தேதி வரையிலான பேரேட்டு இருப்பும் வங்கிப் புத்தக இருப்பும் ஒத்துப்போவதைப் பார்த்து, கையில் உள்ள ரொக்கத்தை இரண்டு பேர் முன்னிலையில் எண்ணிய பிறகே பொறுப்பேற்புத் தாளில் கையெழுத்திடுங்கள். விளைச்சலைப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக் கணக்கை மறந்துவிடாதீர்கள். உற்சாகத்தில் ஒரு நூக்கோலை 1,500 ரூபாய்க்குக் கேட்டு எடுத்துக்கொண்டு போய்க் குழம்பு வைத்துச் சாப்பிட்டவர்கள், பணத்தை அடுத்த பண்டிகை வரை கொடுக்காமல் இருப்பது வழக்கம். அது வரவில் ஏறியிருக்கும், வங்கியில் இருக்காது. அந்தப் பாக்கியைப் பெயர் வாரியாகத் தனித்தாளில் எழுதி, பழைய பொருளாளரின் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் கோயிலில் வாசிக்க வேண்டாம்.